அத்தியாயம் 9: கடைசி ஐந்து சீட்டு

கீழே உள்ள இரண்டு கைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டுக்கட்டு பக்கத்தில் இருந்தால் பிரித்துப் பரப்பியே வையுங்கள். இந்த அத்தியாயத்தைக் கண்ணால் மட்டும் படித்தால் பாதிதான் மனதில் தங்கும்.

வடக்கு (டம்மி)
ஸ்பேடு: ராஜா, ஜாக்கி, 8, 4
ஆர்ட்டின்: ஏஸ், 6
டைமன்: ஏஸ், ஜாக்கி, 5
கிளாவர்: ராஜா, ராணி, 5, 3

தெற்கு (நீங்கள்)
ஸ்பேடு: ஏஸ், ராணி, 10, 9, 7
ஆர்ட்டின்: 9, 3
டைமன்: ராஜா, 10, 4
கிளாவர்: ஏஸ், 7, 2

கான்ட்ராக்ட் ஆறு ஸ்பேடு. பன்னிரண்டு பிடி எடுக்க வேண்டும், ஒன்றைத்தான் விடலாம். மேற்கு ஆர்ட்டின் ராஜாவை இறக்குகிறார், டம்மியின் ஏஸ் அதை எடுக்கிறது.

கணக்குப் போடுவோம். ஸ்பேடில் ஐந்து, ஆர்ட்டினில் ஒன்று, கிளாவரில் மூன்று, டைமனில் ஏஸும் ராஜாவுமாக இரண்டு. மொத்தம் பதினொன்று. ஆர்ட்டினில் ஒரு பிடி போவது உறுதி. ஆகவே டைமனில் ஒன்றும் போகக்கூடாது. ஆனால் டைமன் ராணி வெளியே இருக்கிறது. ஏஸ்-ஜாக்கி ஒரு பக்கம், ராஜா-பத்து மறுபக்கம் என்பதால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஃபினெஸ் எடுக்கலாம். ராணி மேற்கிடமா கிழக்கிடமா என்பதுதான் கேள்வி.

பல வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கிளப் மேசையில் இந்த ஆட்டம் எனக்கு வந்தது. மூன்று சுற்றில் துருப்பை இழுத்து முடித்தேன். பிறகு சீட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ராணி எங்கே என்று நீண்ட நேரம் யோசித்தேன். மேற்கிடம் இருக்கும் என்று முடிவு செய்து ஜாக்கியை நோக்கி டைமன் நாலை இறக்கினேன். கிழக்கு ராணியால் எடுத்தார், உடனே ஆர்ட்டின் ஆடினார். ஒரு பிடியில் ஸ்லாம் போனது.

எனக்குப் பார்ட்னராக உட்கார்ந்திருந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ஆட்டம் முடிந்ததும் நான்கு கைகளையும் திருப்பிப் போட்டார். "கிளாவர் நாலாவது ரவுண்டை வெட்டிடுங்க தம்பி. அப்புறம் ஆர்ட்டினை அவங்களுக்கே கொடுத்துடுங்க. ராணி யார்கிட்ட இருந்தா நமக்கென்ன?" என்றார். அவர் சீட்டுகளை நகர்த்திக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துருப்பை இழுக்கும் வரை நான் செய்தது சரி. ஸ்பேடு ஏஸ், ராணி, பிறகு ஏழிலிருந்து டம்மியின் ஜாக்கிக்கு. மேற்கு ஒன்று, கிழக்கு மூன்று என்று துருப்பு முடிந்தது. டம்மியில் ஸ்பேடு ராஜா மிச்சம், கையில் பத்தும் ஒன்பதும் மிச்சம். இப்போது டைமனைத் தொடவே கூடாது. டம்மியிலிருந்து கிளாவர் மூன்றைக் கையிலுள்ள ஏஸுக்கு ஆடுங்கள். அடுத்து கிளாவர் இரண்டை ராஜாவுக்கு. பிறகு ராணி. நான்காவதாக டம்மியின் கிளாவர் ஐந்தை இறக்கிக் கையில் ஸ்பேடு ஒன்பதால் வெட்டுங்கள். எட்டுப் பிடி முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது இது:

வடக்கு: ஸ்பேடு ராஜா, ஆர்ட்டின் 6, டைமன் ஏஸ், ஜாக்கி, 5
தெற்கு: ஸ்பேடு 10, ஆர்ட்டின் 9, டைமன் ராஜா, 10, 4

இப்போது ஆர்ட்டின் ஒன்பதை இறக்கிவிடுங்கள். மேற்கு எடுக்கட்டும், கிழக்கு எடுக்கட்டும். எடுத்தவர் அடுத்து என்ன ஆடுவார்?

டைமன் ஆடினால் ராணியைத் தேடும் வேலை நமக்கு இல்லை. மேற்கு டைமன் ஒன்பதை இறக்கினால் டம்மியில் ஐந்தைப் போடுங்கள். கிழக்கு ராணியைப் போட்டால் ராஜா எடுக்கும், போடாவிட்டால் பத்து எடுக்கும். கிழக்கு ஆடினாலும் இதே கதைதான். கையில் நாலைப் போட்டுவிட்டு மேற்கு என்ன போடுகிறார் என்று பார்த்தால் போதும்.

டைமன் வேண்டாம் என்று ஆர்ட்டினையோ கிளாவரையோ ஆடினால்? அந்த இரண்டு இனமும் நம் இரு கைகளிலும் தீர்ந்துவிட்டன. டம்மியில் ராஜாவால் வெட்டிக் கையிலுள்ள டைமன் நாலைக் கழித்துவிடலாம். பிறகு டைமன் ஏஸ், டைமன் ராஜா, கடைசித் துருப்பு. மூன்றாவது டைமன் என்ற பிரச்சினையே இல்லாமல் போய்விட்டது. ஒரு பக்கம் வெட்டு, மறுபக்கம் கழிவு. எதிராளி நமக்கு இப்படி இனாம் கொடுக்க வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவருவதைத்தான் எண்ட்பிளே என்கிறோம்.

அன்று நான்கு கைகளும் இப்படி இருந்தன. மேற்கிடம் ஸ்பேடு ஒன்று, ஆர்ட்டின் ஐந்து, கிளாவர் நான்கு, டைமன் மூன்று. கிழக்கிடம் ஸ்பேடு மூன்று, ஆர்ட்டின் நான்கு, கிளாவர் இரண்டு, டைமன் நான்கு. இதை முழுக்க எண்ணி வைத்திருந்தால்கூட டைமன் ராணி கிழக்கிடம் இருக்க ஏழுக்கு நான்கு வாய்ப்பு, அதாவது 57 சதவீதம், என்றுதான் சொல்லியிருக்க முடியும். பெரியவர் காட்டிய வழியில் துருப்பு 2-2 ஆகவோ 3-1 ஆகவோ பிரிந்தாலே போதும், சந்தேகத்துக்கு இடமில்லை. நான்கு துருப்பும் ஒரே கையில் இருக்கும் ஆபத்து பத்தில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. கிளாவர் 3-3 ஆகப் பிரிந்திருந்தால் இன்னும் சுலபம். டம்மியின் ஐந்து நின்றுவிடும், அதில் கையிலுள்ள ஆர்ட்டின் ஒன்பதைக் கழித்துவிடலாம்.

இதில் பலர் இடறும் இடம் நான்காவது கிளாவர். "மூன்று கிளாவரும் எடுத்துவிட்டேன், போதும்" என்று ஆர்ட்டினை விட்டுக்கொடுப்பார்கள். மேற்கிடம் கடைசிக் கிளாவர் இருக்கிறது. அவர் அதை ஆடுவார். டம்மி ஐந்தைப் போட வேண்டும், கையில் வெட்ட வேண்டும். கழிவு எதுவும் கிடைக்காது. மேற்கு தப்பித்துவிட்டார், நாம் மறுபடி ராணியைத் தேடத் தொடங்குகிறோம். எதிராளி தப்பிக்கப் பயன்படும் ஒவ்வொரு சீட்டையும் பிடுங்கிய பிறகுதான் அவருக்குப் பிடியைக் கொடுக்க வேண்டும். ஒரு சீட்டு மிச்சம் வைத்தாலும் உழைப்பு வீண். பெரியவரிடம் பிறகு ஆறேழு வருடம் ஆடினேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "அப்போ அவர் கையில வேற என்ன இருந்துச்சு?"

மேலே சொன்ன ஆட்டத்தில் யார் எடுத்தாலும் சரி. எல்லா ஆட்டமும் அப்படி அமையாது. கையில் டைமன் ஏஸும் ராணியும் இருக்கின்றன, ராஜா மேற்கிடம் என்று ஏலத்திலேயே தெரிந்துவிட்டது என்று வையுங்கள். ஃபினெஸ் எடுத்தால் தோல்வி நிச்சயம், ஏனென்றால் மேற்கு நமக்குப் பின்னால் ஆடுபவர். மேற்கையே டைமன் இறக்க வைத்தால் ராணி பிடி எடுக்கும். ஆக, பிடியைக் கொடுக்கும்போது அது கிழக்கிடம் போகாமல் மேற்கிடமே போக வேண்டும். அவரிடம் தனியாக ஒரு பெரிய சீட்டு இருக்கும் இனம் எது என்று ஏலத்திலிருந்தும் முதல் இறக்கத்திலிருந்தும் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அவரை உள்ளே இழுக்கும் கயிறு. அந்த இனத்தை அவசரப்பட்டு முன்னதாகவே ஆடிவிடாதீர்கள்.

நோட்ரம்பில் வெட்டு கிடையாது. ஆனால் அங்கே எதிராளியின் கையை நெருக்கியே அவரைத் தோற்கடிக்க முடியும். இதை ஸ்குவீஸ் என்பார்கள். பேஸ்பால் ஆட்டத்திலிருந்து இந்தச் சொல்லை பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் சிட்னி லென்ஸ். ஸ்குவீஸ் என்றதும் பெரிய ஆட்டக்காரர்களின் வித்தை என்று பயந்து ஒதுங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தை இந்த ஒரு ஆட்டத்திலேயே போக்கிவிடலாம்.

வடக்கு (டம்மி)
ஸ்பேடு: 7, 2
ஆர்ட்டின்: ஏஸ், ராஜா, 7, 4
டைமன்: ராணி, 8, 3
கிளாவர்: ஏஸ், ஜாக்கி, 9, 5

மேற்கு
ஸ்பேடு: ராஜா, ராணி, 10, 9, 5
ஆர்ட்டின்: ஜாக்கி, 10, 9, 2
டைமன்: 7, 4
கிளாவர்: 6, 3

கிழக்கு
ஸ்பேடு: 8, 6, 4
ஆர்ட்டின்: 8, 5
டைமன்: ஜாக்கி, 10, 9, 6, 2
கிளாவர்: 8, 7, 2

தெற்கு (நீங்கள்)
ஸ்பேடு: ஏஸ், ஜாக்கி, 3
ஆர்ட்டின்: ராணி, 6, 3
டைமன்: ஏஸ், ராஜா, 5
கிளாவர்: ராஜா, ராணி, 10, 4

ஆறு நோட்ரம்ப். மேற்கு ஸ்பேடு ராஜாவை இறக்குகிறார். நம் பிடிகள்: ஸ்பேடு ஒன்று, ஆர்ட்டின் மூன்று, டைமன் மூன்று, கிளாவர் நான்கு. மறுபடியும் பதினொன்று. ஆர்ட்டின் 3-3 ஆகப் பிரிந்தால் டம்மியின் நான்காவது ஆர்ட்டின் பன்னிரண்டாவது பிடியாகும். அப்படிப் பிரிய சுமார் 36 சதவீத வாய்ப்புத்தான். இங்கே பிரியவும் இல்லை.

கை துறுதுறுவென்று ஸ்பேடு ஏஸைப் போடப் போகும். போடாதீர்கள். மூன்றைப் போட்டு அந்தப் பிடியை மேற்கிடமே விடுங்கள். எப்படியும் ஒரு பிடி தோற்கப் போகிறோம். அதை இப்போதே தோற்றுவிட்டால் மிச்சமுள்ள பன்னிரண்டு பிடிகளில் பதினொன்று நம்முடையது. இந்த எண்ணிக்கைதான் ஸ்குவீஸின் உயிர். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

மேற்கு மறுபடி ஸ்பேடு ஆடினால் நம் ஜாக்கி பிடி எடுத்துவிடும். ஆகவே டைமன் ஏழுக்கு மாறுகிறார். கையில் ஏஸால் எடுங்கள். உடனே ஸ்பேடு ஏஸையும் ஆடிவிடுங்கள். இனி ஸ்பேடில் வெளியே கவனிக்க வேண்டிய சீட்டு ஒன்றே ஒன்று: ராணி. அது விழுந்தால் நம் ஜாக்கி நிற்கும். அடுத்து டைமன் ராஜா, ராணி. பிறகு கிளாவர்களை ஒவ்வொன்றாக ஆடுங்கள், அவசரம் வேண்டாம்.

மேற்கின் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது டைமனுக்கு ஒரு ஸ்பேடைக் கழித்தார். மூன்றாவது கிளாவருக்கு இன்னொரு ஸ்பேடைக் கழித்தார். கடைசிக் கிளாவர் மேசைக்கு வரும்போது அவர் கையில் ஐந்து சீட்டு: ஸ்பேடு ராணி, ஆர்ட்டின் ஜாக்கி, 10, 9, 2. அதில் ஒன்றைக் கழித்தாக வேண்டும். ராணியைக் கழித்தால் நம் ஸ்பேடு ஜாக்கி நின்றுவிடும். ஆர்ட்டின் இரண்டைக் கழித்தால் ஏஸ், ராஜா, ராணி மூன்றிலும் அவருடைய ஆர்ட்டின் கரைந்து டம்மியின் ஏழு நின்றுவிடும். அந்த ஒரு சீட்டைக் கழிக்க மேற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை மேசையில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சீட்டைப் பாதி இழுப்பார், மறுபடி உள்ளே தள்ளுவார். எதைப் போட்டாலும் பன்னிரண்டாவது பிடி நம்முடையது.

இப்போது முதல் பிடிக்குத் திரும்புவோம். ஸ்பேடு ஏஸை முதலிலேயே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டைமன் மூன்று, கிளாவர் நான்கு ஆடி முடித்தபோதும் மேற்கிடம் ஐந்து சீட்டு இருந்திருக்கும்: அதே ராணி, அதே நான்கு ஆர்ட்டின். நாமும் ஐந்து சீட்டு வைத்திருப்போம். ஆனால் கழிக்க வைக்க நம்மிடம் வேறு பிடி இல்லை. ஒரு சீட்டு வித்தியாசத்தில் அவர் நிம்மதியாக மூச்சுவிடுவார். ஸ்குவீஸ் நடக்கும் தறுவாயில் எதிராளியின் கையில் ஒரு சீட்டுகூட உபரியாக இருக்கக்கூடாது. அதற்காகத்தான் தோற்க வேண்டிய பிடிகளை முன்கூட்டியே தோற்றுவிட்டு வருகிறோம்.

1959-ல் வெளிவந்த கிளைட் லவ் எழுதிய ஸ்குவீஸ் நூல், இதற்குத் தேவையான நிபந்தனைகளைச் சுருக்கி வகுத்துக் கொடுத்தது. அன்றிலிருந்து கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு இனங்களை ஒரே எதிராளி காவல் காக்க வேண்டும். நாம் இன்னும் தோற்கப் போவது ஒரே ஒரு பிடியாக இருக்க வேண்டும். மிரட்டும் சீட்டுகளில், அதாவது அவர் காவலை விட்டால் நின்றுவிடும் நம் சீட்டுகளில், ஒன்றாவது அவருக்கு அடுத்து ஆடும் கையில் இருக்க வேண்டும். மிரட்டும் சீட்டு நின்றதும் அதை எடுக்க அந்தக் கைக்குப் போக வழி இருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையைத்தான் பலர் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றே சீட்டில் பார்த்தால் புரிந்துவிடும். டம்மியில் ஆர்ட்டின் ஏஸ், ஜாக்கி, கூடக் கிளாவர் ராணி. கையில் கடைசித் துருப்பு, ஆர்ட்டின் 5, கிளாவர் 4. மேற்கிடம் ஆர்ட்டின் ராஜா, ராணி, கிளாவர் ராஜா. துருப்பை ஆடுகிறோம். மேற்கு முதலில் கழிக்க வேண்டும். அவர் கிளாவர் ராஜாவைக் கழித்தால் டம்மியில் ஆர்ட்டின் ஜாக்கியைக் கழிக்கலாம், ஆர்ட்டினைக் கழித்தால் கிளாவர் ராணியைக் கழிக்கலாம். அவரைப் பார்த்துவிட்டு நாம் முடிவு செய்கிறோம். இதே மூன்று சீட்டு கிழக்கிடம் இருந்தால் டம்மிதான் முதலில் கழிக்க வேண்டும். கிழக்கு அதைப் பார்த்துவிட்டு அதே இனத்தைக் கழிப்பார், நமக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் அந்தக் கிளாவர் ராணியை டம்மியிலிருந்து எடுத்து உங்கள் கையில் கிளாவர் நாலுக்குப் பதிலாக வைத்து, டம்மியில் உதவாத ஒரு டைமனைப் போட்டுப் பாருங்கள். இப்போது எதிராளி எந்தப் பக்கம் இருந்தாலும் மாட்டுவார், ஏனென்றால் டம்மி கழிக்க வேண்டியது அந்த உதவாத டைமன்தான்.

சில நேரம் நம் ஏஸே நமக்குக் குறுக்கே நிற்கும். டம்மியில் ஒரு இனத்தின் ஏஸ் தனியாக நிற்கிறது, அதன் ராணி நம் கையில், ராஜா எதிராளியிடம். ஏஸை வைத்துக்கொண்டே இருந்தால் டம்மி காப்பாற்ற வேண்டிய சீட்டு ஒன்று கூடிவிடும். கடைசியில் எதிராளியோடு சேர்ந்து டம்மியும் நெரிபடும். ஆகவே முன்பே ஏஸை ஆடிவிட வேண்டும். எதிராளியின் ராஜாவை நாமே பெரிய சீட்டாக்கிவிட்டது போல் தோன்றும். ஆனால் அந்த ராஜாவைக் காப்பாற்றும் பொறுப்புத்தான் பின்னால் அவரை நெரிக்கும். இதற்கு வியன்னா கூ என்று பெயர். பிரிட்ஜ் பிறப்பதற்கு முன் விஸ்ட் ஆடப்பட்ட 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஆட்டத்தை அந்த நகரத்து ஆட்டக்காரர் ஒருவரோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நாம் பார்த்த ஆறு நோட்ரம்பில் ஸ்பேடு ஏஸை முன்பே ஆடியது கட்டாயம் இல்லை, ஆடாமலும் ஜெயித்திருக்கலாம். ஆடியதால் எண்ண வேண்டிய சீட்டு ஒன்றாகக் குறைந்தது. களைப்பான ஒரு போட்டியின் இரண்டாம் நாளில் அது பெரிய உதவி.

துருப்பு இனத்திலும் இந்த மாதிரி ஒரு முடிவு உண்டு. கிழக்கிடம் ஸ்பேடு ராஜாவும் பத்தும், நம் கையில் ஏஸும் ராணியும், டம்மியில் துருப்பே இல்லை. ஃபினெஸ் எடுக்க டம்மியிலிருந்து இறக்கத் துருப்பு கிடையாது. ஆனால் கடைசி இரண்டு சீட்டில் ஆட்டம் டம்மியின் பக்கம் இருந்தால் எந்தச் சீட்டை இறக்கினாலும் கிழக்கு வெட்டியாக வேண்டும். பத்தால் வெட்டினால் ராணி, ராஜாவால் வெட்டினால் ஏஸ். இதற்கு நம் துருப்பு நீளம் கிழக்கின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அதற்காக டம்மியின் நின்ற சீட்டைக்கூட நாமே வெட்டிக் கையைச் சுருக்க வேண்டி வரும். அதுதான் கிராண்ட் கூ. அரிதாகவே வரும், வரும்போது தெரிந்திருந்தால் போதும்.

இவ்வளவும் எண்ணிக்கை இல்லாமல் நடக்காது. நினைவாற்றல் இருந்தால்தான் எண்ண முடியும் என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஐம்பத்திரண்டு சீட்டையும் நினைவில் வைப்பவர் யாரும் இல்லை. எண்ணுபவர்கள் ஒரு எதிராளியின் கையை மட்டும் எண்ணுகிறார்கள், அதுவும் வடிவமாக. 4-4-3-2 என்ற வடிவம் நூறு கைகளில் இருபத்தொன்றுக்கும் மேல் வரும். 5-3-3-2 பதினைந்துக்கு மேல், 5-4-3-1 ஏறக்குறைய பதின்மூன்று. இந்த மூன்று வடிவங்களும் ராகம் போலக் காதில் விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் ஆட்டத்தில் மேற்கு இரண்டாவது ஸ்பேடுக்கே வேறு இனம் போட்டதும் ஒன்று என்று குறித்தீர்கள். கிளாவர் நான்கும் அவர் தொடர்ந்து போட்டார். ஆர்ட்டின் ஐந்து இருக்கும் என்று முதல் இறக்கமும் கிழக்கின் சிக்னலும் சொல்லிவிட்டன. 1-5-4 என்றதும் மிச்சம் மூன்று என்று தானாக வரும். கூட்டல்கூடத் தேவையில்லை. புதிதாகக் கற்பவர்களிடம் நான் சொல்வது: முதல் மாதம் ஆட்டத்தைக் கான்ட்ராக்ட் படி ஜெயிக்கிறீர்களா என்று பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்தாவது பிடியில் நிறுத்தி, இடப்பக்கத்து ஆட்டக்காரரின் கடைசி மூன்று சீட்டைத் தாளில் எழுதிவிட்டு மேலே ஆடுங்கள். பத்து நாளில் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும்போது என்ன செய்வது? இதற்குத் தனி அத்தியாயமே வேண்டும், ஆனால் இரண்டு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிடி எடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்தால் அந்தப் பெரிய சீட்டை முன்னதாகவே விட்டெறியுங்கள். டிக்ளேரர் ஏஸ் ஆடும்போது உங்கள் ராஜாவை அதன் கீழே போட்டுவிட்டால், அடுத்த சுற்றைப் பார்ட்னரின் ராணி எடுக்கும், அவரிடம் தப்பிக்கச் சீட்டு இருக்கும். ராஜாவைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் விரல்களுக்கு இது மிகக் கஷ்டமான வேலை. இரண்டாவது, ஸ்குவீஸ் வருகிறது என்று தோன்றினால் காவலைப் பார்ட்னரோடு பங்கு போடுங்கள். உங்களுக்கு முன்னால் ஆடும் கையில் இருக்கும் மிரட்டல் இனத்தை நீங்கள் காப்பாற்றுங்கள். அதாவது கிழக்கு டம்மியின் இனத்தையும், மேற்கு டிக்ளேரரின் இனத்தையும். இரண்டையும் ஒருவரே சுமக்கும்போதுதான் நெரிபடுகிறார். பங்கு போட முடியாத கை என்றால் டிக்ளேரருக்கு வேண்டிய போக்குவரத்தை உடையுங்கள். தன் ராஜாவைப் பலி கொடுத்து டம்மியின் ஏஸை முன்பே வெளியே கொண்டுவருவதற்கு மெரிமாக் கூ என்று பெயர். 1898-ல் ஸ்பானியக் கப்பல்களைச் சாண்டியாகோ துறைமுகத்துக்குள்ளேயே அடைக்க அமெரிக்கர்கள் தங்கள் கப்பலொன்றைத் தாங்களே மூழ்கடிக்கப் போனார்கள். அந்தக் கப்பலின் பெயர்தான் இது.

கழிக்கும் சீட்டை முன்பே தீர்மானித்து, அந்த நேரம் வரும்போது மற்றச் சீட்டுகளைப் போடும் அதே வேகத்தில் போடுங்கள். தனி ராஜாவை விட்டுவிட்டுத் துணைச் சீட்டைக் கழித்த கை தயங்காமல் இருந்தால் நல்ல டிக்ளேரர்கூடத் தவறாக எண்ணிவிடுவார். அதே சமயம், இல்லாத யோசனையை இருப்பது போல் காட்டி வேண்டுமென்றே தாமதிப்பதைப் பிரிட்ஜ் சட்டம் தடை செய்கிறது. சீட்டால் ஏமாற்றலாம், முகத்தாலும் நேரத்தாலும் ஏமாற்றக்கூடாது. புதிதாகக் கிளப்புக்கு வருபவர்கள் இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதற்கு மேலும் போக ஆசைப்படுபவர்களுக்கு ஒரு நூல் உண்டு. ஹங்கேரிய நாவலாசிரியர் கேசா ஓட்லிக்கும் ஸ்காட்லாந்தின் ஹியூ கெல்ஸியும் சேர்ந்து 1979-ல் கொண்டுவந்தது. கடினமான நூல். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். அதற்கு முன் விட்ஃபீல்டின் ஆறு சீட்டுப் புதிரைத் தேடி முயன்று பாருங்கள். கேம்பிரிட்ஜ் கணித வல்லுநரான அவர் 1885-ல் போட்ட புதிர் அது. நான்கு கைகளும் திறந்தே கிடக்கும், ஆளுக்கு ஆறே சீட்டு, ஆனாலும் மண்டையைக் குடையும்.

இப்போது பயிற்சி. ஆறு நோட்ரம்ப் ஆட்டத்தில் வடக்கையும் தெற்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, கிழக்கின் பதிமூன்று சீட்டையும் மேற்கின் பதிமூன்று சீட்டையும் இடம் மாற்றுங்கள். மேற்கு டைமன் ஜாக்கியை இறக்குகிறார், நீங்கள் கையில் ஏஸால் எடுத்தீர்கள். தோற்க வேண்டிய அந்த ஒரு பிடியை எந்த இனத்தில், எந்தச் சீட்டால், எத்தனையாவது பிடியில் கொடுப்பீர்கள்? கிழக்கு அதை எடுத்து ஆர்ட்டின் ஜாக்கியைத் திருப்பி ஆடினால் எந்தக் கையில் எடுப்பீர்கள்? கடைசிக் கிளாவர் மேசைக்கு வரும்போது நான்கு கைகளிலும் என்னென்ன சீட்டு இருக்கும் என்று எழுதிவிட்டு, பிறகு பக்கத்தைத் திருப்புங்கள்.